பதினைந்தாவது சீட்டு

பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்கத் திட்டம் போடுவது என் தொழில். அதில் பாதி ஆயுள் சுவரில் சீட்டு ஒட்டுவதிலேயே போய்விடும் என்று இதே வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

சுவர்

மலேசியாவில், எங்கள் ஈப்போ அலுவலகச் சுவரில் 'நம் பக்கம்', 'எதிர்ப் பக்கம்' என்று இரண்டு தலைப்பு. யார் எந்தப் பக்கம் என்று மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். கோரிக்கை ஒன்றுதான்: கமுந்திங் தொழிற்சாலை பஸ், பழைய ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் வரை உள்ளே வர வேண்டும். இப்போது பெரிய சாலையிலேயே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து செம்பனைத் தோப்புக்குள் நடந்து வரும் பெண்களை மோட்டார் சைக்கிளில் ஒருவன் மறிக்கிறான்.

மூன்று நாள் யோசித்துப் பதினான்கு சீட்டு எழுதினேன். புதிதாகச் சேர்ந்த ஜோசப்பின் வந்து பார்த்தாள். அதே தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை செய்தவள்.

"அழகா இருக்குக்கா. ஆனா பஸ்ல வர்ற பிள்ளைங்க பேரு ஒண்ணுகூட இல்லையேலா."

கூட்டம்

தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நான் திரை கட்டிப் படம் போட்டு விளக்கினேன். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பிறகு ஜோசப்பின் மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், அத்தனை பேரும் அவளைச் சுற்றி. எங்கே, எந்தக் கிழமை, எந்த ஷிப்ட் என்று அவர்கள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினாள். பதினெட்டு வருட அனுபவம் எனக்கு. வயிறு எரிந்தது.

பத்தொன்பது வயதுக் கலா மட்டும் என் பக்கம் திரும்பினாள். பூரித்துப்போனேன்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஜோசப்பின் அக்கா முகம் தெரியல."

அதிகாரி

சொல்ல வெட்கமாக இருக்கிறது. தொழிற்சாலை அதிகாரியைப் பார்க்கும் நாளை ஜோசப்பினிடம் மறைத்தேன். நல்ல பெயர் எனக்கே வரட்டும் என்றுதான். அந்தத் தமிழ் அதிகாரி என் பன்னிரண்டு பக்க அறிக்கையைப் புரட்டிவிட்டு, எத்தனை பேர், எந்த ஷிப்ட், கையெழுத்து எங்கே என்று கேட்டார். எல்லாம் நோட்டில். நோட்டு ஜோசப்பினிடம். அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அந்த ஒரு வாரத்தில்தான் அந்த மோட்டார் சைக்கிள்காரன் கலாவின் கையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டு ஓடியவள் விழுந்ததில் முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. இனி வேலைக்கே போக வேண்டாம் என்றார் அவள் அப்பா. போலீஸில் புகார் கொடுக்க ஜோசப்பின்தான் கூடப் போனாள். திரும்பி வந்தவள் என்னிடம் கோபப்படக்கூட இல்லை.

"என்னையும் கூப்ட்டிருக்கலாமேக்கா?"

பஸ்

அதிகாரியிடம் மறுபடி போனபோது ஜோசப்பின் நோட்டோடு வந்து பேசினாள். நான் ஃபைல் தூக்கினேன். இப்போது பஸ் லயத்து வாசலில் நிற்கிறது. முதல் நாள் பார்க்கப் போயிருந்தேன். அப்பாவைச் சமாதானப்படுத்தி மறுபடி வேலைக்குப் போன கலா, பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஜோசப்பின் அக்கா வரலியா?"

எதிர்ப் பக்கத்தில் ஒட்ட வேண்டிய பதினைந்தாவது சீட்டில் என் பெயரை நானே எழுதி ஒட்டிவிட்டேன்; கையெழுத்து மட்டும் ஜோசப்பினுடையதைவிட அழகாகத்தான் இருக்கிறது.