பெரியநாயகி எழுதிவைத்த நிலம்

பெரியநாயகி கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது காலை எட்டு மணி இருக்கும். இடுப்பு பிடித்துக்கொண்டது. புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. வீட்டுக்குள் பாயில் அவள் மகன் தமிழ்வேந்தன் கிடந்தான். முப்பத்தொரு வயது. ஒரு வயதில் வந்த மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு அவனுக்கு நடையும் இல்லை, பேச்சும் இல்லை. பசித்தால் முனகுவான். அந்த முனகலை அவள் தரையில் கிடந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். மதியத்துக்கு மேல் அது நின்றுவிட்டது. அது நின்றதுதான் இடுப்பு வலியைவிடக் கொடுமையாக இருந்தது என்று பின்னாளில் சொல்வாள்.

வீடு ஊரைத் தள்ளிக் கொல்லைக்காட்டில் இருந்ததால் அன்று யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. மாலையில் மருந்து தெளிக்கும் டேங்க்கைத் திருப்பிக் கொடுக்க வந்த பூமாலைதான் அவளைப் பார்த்தான். அவள் கொழுந்தனார் மகன். கரும்பு வெட்டும் கூலி. அவளைத் தூக்க ஓடிவந்தவனைக் கையால் தள்ளினாள்.

“என்ன வுட்றா. மொதல்ல உள்ள போய் அவனப் பாரு.”

ஈரத்தில் சுருண்டு கிடந்தவனைக் கழுவித் துடைத்து, சோற்றைக் கரைத்து ஊட்டிவிட்டுத்தான் பூமாலை வெளியே வந்தான். “சாப்ட்டாம் பெரிம்மா” என்றான். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

நைனார்பாளையத்தை ஒட்டி அவளுக்கு அறுபது சென்ட் புன்செய் இருந்தது. புருஷன் விட்டுப்போனது. மகனுக்கு மாதாமாதம் அரசாங்க உதவித்தொகை வந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, தான் போனபிறகு அவனை யார் பார்ப்பார்கள்? இடுப்பு தேறி எழுந்ததும் திருநாவலூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் மணிமொழியைத்தான் முதலில் கேட்டாள்.

மணிமொழி காப்பி போட்டுக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பிறகு சொன்னாள்: “எனக்கு ரெண்டும் பொண்ணும்மா. சின்ன வூடு. ஆம்பளப் புள்ளைய நான் எப்டிக் கழுவி வுடுவேன்? மாட்டேன்னு சொல்லல. முடியாதும்மா.”

மருமகன் சுபாஷ் வேறு மாதிரி சொன்னான். “நெலத்த எங்க பேருல எழுதிடுங்க அத்த. எங்கனா ஹோமுல சேத்து வுட்டுப் பாத்துக்கலாம்.”

பெரியநாயகி காப்பியைக் குடிக்காமலே பஸ் ஏறிவிட்டாள்.

நிலத்தை மகன் பெயருக்கே எழுதிவிடுவது என்று முடிவு செய்தாள். ஊரில் பயமுறுத்தினார்கள். சொத்து பேருக்கு வந்தால் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள் என்று. கள்ளக்குறிச்சிக்குப் போய் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டாள். அவனுக்கு வருவது அவனுடைய இயலாமையைப் பார்த்துக் கொடுப்பது, நிலம் அதற்குக் குறுக்கே வராது என்றார் அங்கிருந்த அலுவலர். ஆனால் அவனால் கையெழுத்துப் போட முடியாது. கலெக்டர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது, அது அவனுக்குச் சட்டப்படி ஒரு பாதுகாவலரை நியமிக்க வேண்டும் என்றார். அப்படி நியமித்தவர் நிலத்தைப் பயிர் வைத்து அவனைக் காப்பாற்றலாம். இஷ்டத்துக்கு விற்க முடியாது.

பாதுகாவலராக இருக்கப் பூமாலை ஒத்துக்கொண்டான். எட்டு மாதம் அலைந்தார்கள். ஊனச் சான்று, உறவுச் சான்று, மகளின் சம்மதக் கடிதம். மணிமொழி புருஷனுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். விசாரணை நாளில் குழுவில் இருந்த ஓர் அம்மா பூமாலையைக் கேட்டார்: “இவருக்குச் சோறு ஊட்டத் தெரியுமா?”

“தெரியுங்க. ஒரு வாய்க்கும் இன்னொரு வாய்க்கும் நடுவுல நேரம் குடுக்கணுங்க. அவசரப்பட்டா பொறை ஏறிடும்.”

அந்த அம்மா வேறொன்றும் கேட்கவில்லை.

ஆணை கைக்கு வந்த அன்று பெரியநாயகி ஊர் அய்யனார் கோயிலுக்குப் போனாள். முப்பது வருஷமாக அந்தச் சாமியிடம் அவள் கேட்டுவந்தது ஒன்றுதான்: எனக்கு முன்னால் இவனைக் கூப்பிட்டுக்கொள். அன்றைக்கு, “நான் கேட்டதெல்லாம் மறந்துடு சாமி, அவன் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பத்திரம் பதிவாகி, பட்டா மாறுதல் மட்டும் பாக்கி. அதற்காகத் தாலுகா அலுவலகம் போகவேண்டிய காலையில் பூமாலை கரும்பு வெட்டுக்குப் போயிருந்தான். அவளே ஊட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வாயில் இருந்ததை அவன் விழுங்குவதற்குள் அடுத்ததை வைத்தாள். இருமினான். முதுகைத் தட்டிவிட்டு, வாயைத் துடைத்துப் படுக்கவைத்துவிட்டு ஓடினாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் தமிழ்வேந்தன் இறந்துபோனான். சோறு உள்ளே போனதால்தானா என்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “இப்டிப் படுத்தே இருக்கறவங்களுக்கு எதனாலயும் வரலாம்மா” என்றார் அவர். இல்லை என்று சொல்லவில்லையே என்பதுதான் அவளுக்குக் காதில் நின்றது.

காரியம் முடிந்ததும் சுபாஷ் நிலத்துப் பேச்சை எடுத்தான். “இனிமே இன்னா அத்த, மணிமொழி பேருக்கு மாத்திடுங்க. உங்கள நாங்க பாத்துக்கறோம்.”

“பாத்துக்கறதுன்னா இன்னான்னு தெரியுமா மாப்ள?” என்று கேட்டாள். அவன் போனைப் பார்த்தபடி எழுந்து வெளியே போனான். மணிமொழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நிலம் இப்போது செத்தவன் பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றுக்கு எழுதிக் கொடுக்கப் போனபோது வி.ஏ.ஓ. விசாரித்தார்.

“கல்யாணம் ஆவல. அப்பாவும் இல்ல. அப்ப அவருக்கு வாரிசு நீங்கதாம்மா.”

“எனக்கப்புறம் அவனுக்குன்னுதானுங்களே எழுதினேன்? அவனுக்கப்புறம் நானா?”

அவர் அவள் விரலைப் பிடித்து மையில் அழுத்தினார்.

பூமாலையின் பாதுகாவலர் ஆணை செல்லாத காகிதமாகிவிட்டது. அதை ஆபீசில் திருப்பிக் கொடுக்கணுமா பெரிம்மா என்று கேட்டான். தெரியாதுடா என்றாள். அந்த மாசமே வெட்டு ஆட்களோடு வெளியூர் போய்விட்டான். இருமல் சத்தம் கேட்ட அந்தக் காலையைப் பற்றி அவனிடம் இன்றுவரை அவள் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்டாள். உங்கள் பெயரில் நிலம் இருக்கிறதே என்று தள்ளிவிட்டார்கள். யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் பார்க்கலாம் என்று வாசலில் ஒருத்தர் யோசனை சொன்னார். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

இந்த வருஷம் அந்த நிலத்தில் அவளே ஆள் வைத்து மக்காச்சோளம் போட்டிருக்கிறாள். மழை கம்மி.