நிறம் போதாத ஒயின்

நிவேஸ் திராட்சை விதையைத் துப்புவதில்லை, கடிக்கிறார். செப்டம்பர் பிறந்ததும் காலையில் மேல் வரிசையில் ஆரம்பித்து, நறுக் நறுக்கென்று கடித்தபடியே சரிவில் இறங்குவார். விதை வறுத்த கடலைபோல நொறுங்கினால்தான் அறுவடை. "இன்னும் பச்சை. போய் வேற வேலையப் பாருங்க" என்று பறிக்க வந்த தோட்டத்து வேலைக்காரர்களான எங்களை மூன்று நாள் திருப்பி அனுப்பிய வருடமும் உண்டு.

வயது அறுபத்தொன்று. மொன்ஃபெர்ராத்தோ குன்றில் இரண்டு ஹெக்டேர் தோட்டம், கீழே ஒயின் கிடங்கு. நாய் கிடையாது. "வர்றவன நானே குரைச்சு வெரட்டிக்குவேன்."

வளர்ப்பது கிரிஞ்ஞோலினோ என்ற ஒரே திராட்சை. அதன் சிவப்பு ஒயின் வெளிறித்தான் இருக்கும். நாக்கில் பட்டால் பிடித்து உலுக்கும். திராட்சையின் பெயரையும் ஊர்ப் பெயரையும் லேபிளில் போட, ருசி பார்க்கும் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருடம் குழு 'நிறம் போதாது' என்று திருப்பியது. மறுபடி அனுப்பினார். அதே பதில்.

"பெரியம்மா, கொஞ்சம் ஃப்ரெய்சா திராட்சையும் கலந்துக்க விதியே இடம் தருது. நிறம் ஏறிடும்" என்றான் அவருடைய தங்கை மகன் தாரியோ. ஒயின் ஆலோசனைதான் அவன் தொழில்.

"என் தலைக்கே சாயம் அடிக்கலடா. ஒயினுக்கு அடிப்பேனா?"

பெயரில்லாத ஒயின் வேண்டாமென்று மிலான் உணவகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கடைசி உணவகமும் கைவிட்ட அன்று மதியச் சாப்பாட்டுக்கு அவரைக் காணோம். கிடங்குக்குப் போய்ப் பார்த்தேன். காலையில் கழுவிய தொட்டியையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச்சில் லேபிள்களைச் சோதிக்கும் ஓர் அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர்.

"சின்யோரா, பழைய லேபிள் கட்டுக்கட்டா வச்சிருக்கீங்களாமே. அத ஒட்டக் கூடாது. ஊர் பேரு, திராட்சை பேரு ரெண்டும் அதுல இருக்கு."

"பேருதானே கூடாது? மத்தது இருக்கலாமா?"

"மத்ததுல ஒண்ணும் தப்பில்ல."

நிவேஸ் சமையலறைக் கத்தரியை எடுத்துவந்தார். லேபிளின் நடுவில் இரண்டு பெயர்களும் இருந்த பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைப் பாட்டிலில் ஒட்டி, ஜன்னலோரம் வைத்தார். வெட்டிய ஓட்டை வழியாக அந்த வெளிறிய சிவப்பு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

"இப்ப சட்டப்படி சரியா?"

அதிகாரி பாட்டிலைப் பார்த்தார். மெல்லத் தலையாட்டினார்.

நிவேஸ் அவர் கையைப் பிடித்து, வெட்டிய பட்டையை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

"குழுகிட்ட குடுத்துருங்க. பேரு அவங்களுதாமே."

பிறகு அடுத்த லேபிளை எடுத்தார்.