எண்ணெய் பாட்டிலோடு கடலுக்கு…

போன மாதம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்கு ஒருநாள் டூர் போனோம். நான், பக்கத்து வீட்டு லூர்து அக்கா, அவர் வீட்டுக்காரர் சூசை அண்ணன். சாயங்காலம் அதியமான்கோட்டையில் கார் ஏறினோம்... விடிந்தால் கடல்!

அக்கா பையில் நல்லெண்ணெய் பாட்டில், சீயக்காய்த் தூள். கடலுக்கு எதற்கு அதெல்லாம் என்று நான் கேட்கவில்லை. என் பையிலும் இருந்ததே! தருமபுரிக்காரர்களுக்கு இது ஒகேனக்கல் பழக்கிவிட்ட பழக்கம். தண்ணீர் இருக்கும் ஊருக்குப் போனால், எண்ணெய் தேய்த்துக் குளித்தே ஆக வேண்டும்.

அக்காவுக்கு அதற்கும் மேலே ஒரு காரணம் இருந்தது. போன வருஷம் மார்பில் கட்டி. ஆபரேஷன், கீமோ... முழங்கால் தொட்ட முடி மொத்தமும் கொட்டிப்போனது. அன்றிலிருந்து தலையில் ஒரு பூப்போட்ட ஸ்கார்ஃப். அண்ணனைத் தவிர அந்தத் தலையை யாருமே பார்த்ததில்லை.

"ஒகேனக்கல்ல குளிச்சா தெரிஞ்சவங்க நாலு பேரு நிப்பாங்க கண்ணு. கடல்ல நம்மள யாருக்குத் தெரியும்? ஒருதரம் தல நெறைய எண்ண வெச்சிக் குளிச்சிப்புடணும்" என்றார் வழியில். இதற்காகத்தான் இவ்வளவு தூரம்.

படகில் ஒரு தீவுக்குக் கூட்டிப்போனார்கள். வெள்ளை மணல். கண்ணாடித் தண்ணீர். மூன்று பேரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். அப்புறம் அக்கா பாட்டிலைத் திறந்தார்.

"யக்கா... எண்ணெய் கூடாதுக்கா!" - வனத்துறைப் பெண் ஒருவர் ஓடிவந்தார். "பவளப்பாறைக்கு ஆகாது. சீயக்காயும் வேணாம். சும்மா கால் நனைங்க."

அக்காவின் முகம் தொங்கிவிட்டது. "வுடு லூர்து, வூட்டுல போயி தேச்சிக்கலாம்" என்றார் அண்ணன். வீட்டில் தேய்க்கவா அக்கா இவ்வளவு தூரம் வந்தார்?

மனசில்லாமல் கணுக்கால் தண்ணீரில் இறங்கினார். அடித்தது ஒரு காற்று... ஸ்கார்ஃப் பறந்துபோய்க் கடலில் விழுந்தது!

நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நாகரிகமாம்! இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பார்க்கக்கூடாத தலை என்று நானும்தானே சொல்லிவிட்டேன்?

வனத்துறைப் பெண் யோசிக்கவே இல்லை. பேன்ட் நனைய நனைய உள்ளே போய் ஸ்கார்ஃபைப் பிடித்துவந்து, "துணியெல்லாம் கடல்ல விடக்கூடாதுக்கா. ஆமை முழுங்கிரும்" என்று அக்காவையே ஒரு அதட்டு அதட்டினார். அக்காவின் தலை அவர் கண்ணில் படவே இல்லை. அவர் கவலை அவருக்கு!

அக்கா சொட்டச் சொட்ட நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏனுங்க... ஒரு வருசமா ஊரே எந்தலையத்தான் பாக்குதுன்னு கெடந்தேன். இந்தப் பொண்ணு ஆமைக்குப் பயப்படுது பாருங்க!"

விரல்கடை நீளத்துக்குச் சுருட்டையாக, பாதி நரையாக ஒரு முடி. அழகாகத்தான் இருந்தது. அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஸ்கார்ஃபைப் பிழிந்து பையில் போட்டார். அக்கா அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த கடற்கரையில் போட்டோ எடுக்கச் சொல்லி என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்.

அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பார்த்தால், அக்கா தலையில் முக்காடு. எனக்குத் திக்கென்றது. பூசை முடிந்து வாசலுக்கு வந்ததும் எடுத்து மடித்தார். "அது சாமிக்கு கண்ணு" என்றார். "ஊருக்குப் போடறத வுட்டாச்சு!"