ஒன்றரைப் பவுண் குண்டு

எங்கள் குடும்பத்தில் ரைபிள் வைத்திருந்த ஒரே ஆள் என் மாமா, அதாவது அப்பாவின் தங்கையைக் கட்டியவர். லண்டன் டூட்டிங்கில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர். எறும்பைக்கூட ஊதித்தான் விரட்டுவார். கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் ஸ்கொட்லாந்துக்கு மான் வேட்டைக்குப் போகிறவர். அவரிடமிருந்து தொற்றிய பைத்தியம் இது. பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து, துப்பாக்கி வைக்கப் போகும் இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்து, மாமி கொடுத்த வடையையும் தின்றுவிட்டுப் போன பிறகு லைசென்ஸ் கிடைத்தது. வாங்கியதும் சின்னத் துப்பாக்கி இல்லை, மக்னம். யானையும் சாயும் என்று மாமா பெருமைப்பட, “டூட்டிங்கிலை யானைக்கு எங்கை போறது?” என்று மாமி கேட்டார்.

கடைத் தோட்டா மாமாவுக்கு ஆகாது. கடைக் கறித்தூள் மாமிக்கு எப்படியோ அப்படி. ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்ததும் அந்த மேசையில் சின்ன மின்தராசு ஏறும். வெடிமருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுத்து, வெறும் பித்தளைக் கோதில் கொட்டி, மேலே குண்டை இறுக்கித் தானே தோட்டா செய்வார். கிரெயின் என்பது கடுகுப் பிரமாணம். கதவு திறந்தால் தராசு ஆடும், யாராவது தும்மினாலும் ஆடும். அப்பாவும் அம்மாவும் ஞாயிறு ஷிப்டுக்குப் போவதால் ஒன்பது வயதான நான் அங்கேதான் கிடப்பேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நிற்பதுதான் என் வேலை.

அந்த வருடம்தான் வெள்ளைக்காரர் முதன்முதலாக மாமாவைக் கலைமான் வேட்டைக்குக் கூப்பிட்டிருந்தார். மூன்று வருடம் தவம் கிடந்து கிடைத்த அழைப்பு. உடனே நூற்றைம்பது கிரெயின் குண்டா, நூற்றெண்பதா என்ற வழக்குத் தொடங்கியது. லேசான குண்டு வேகமாகப் போகும், ஆனால் கிட்டத்தில் பட்டால் இறைச்சியைச் சிதைத்துவிடும். பாரமான குண்டு காற்றுக்கு அசையாது, ஆனால் தோளை உதைக்கும். ஒரு மாதம் இதே கதை. சோற்றுக்கு முன்னும் இதே, பின்னும் இதே.

“இஞ்சாருங்கோ, உந்த நம்பர் ஒண்டும் எனக்கு விளங்காது. நகைக்கடைக் கணக்கிலை, பவுணிலை சொல்லுங்கோ” என்றார் மாமி.

மாமா சளைக்காமல் கணக்குப் போட்டார். “சின்னது ஒண்டேகால் பவுண். பெரிசு கிட்டத்தட்ட ஒண்டரை.”

“ஐயோ, ஒண்டரைப் பவுணையோ மானுக்கு எறியப் போறியள்? அதிலை ஒரு சங்கிலி செய்யலாமே!”

ஈயமும் செம்பும்தான் என்று மாமா எவ்வளவு சொல்லியும் பிறகு அந்த வீட்டில் குண்டுக்குப் பவுண்தான் கணக்கு. கடைசியில் ஒன்றரைப் பவுண் வென்றது. நாற்பது தோட்டா செய்து பெட்டியில் அடுக்கி, அதில் நாலைந்தைச் சுட்டு ரைபிளுக்குக் குறி பார்த்து, குறைந்ததைப் பிறகு ஈடுசெய்து, வியாழக்கிழமைப் பயணத்துக்கு மாமா தயாராக இருந்தார்.

பயணத்துக்கு முந்திய ஞாயிறு காலை மாமா குளிக்கப் போன நேரம், மாமி தன் தாலிக்கொடியைக் கொண்டுவந்து தராசில் வைத்தார். கொடி மாப்பிள்ளை வீட்டுச் சீர். பதினொரு பவுண் என்று மாமாவின் அக்கா கலியாண மண்டபத்தில் ஊருக்கே கேட்கச் சொன்னது. தராசு காட்டிய கிராமை எட்டால் பிரித்தால் ஒன்பதரைப் பவுண்தான் வந்தது.

துவாயோடு வந்த மாமாவிடம், “ஒண்டரைப் பவுண் எங்கை?” என்றார் மாமி. கையில் போன். “அக்காட்டையே கேக்கிறன்.”

மாமாவின் முகம் கறுத்தது. பாவம், மனிதர் வசமாக மாட்டிக்கொண்டார். தராசு சரி என்றால் அக்கா பொய்க்காரி. தராசு பிழை என்றால், அதில் மருந்து நிறுத்த நாற்பது தோட்டாவையும் நம்ப ஏலாது. மக்னத்தில் மருந்து கூடினால் மானுக்கு முன்னால் மாமா போய்விடுவார்.

“தராசு பிழை” என்றார் மாமா. “உள்ளுக்கை ஏதோ பழுது.”

“அப்ப ஸ்கொட்லாந்து?”

“போகேலாது. கடைத் தோட்டாவுக்கு ரைபிளைத் திரும்பக் குறி பாத்து எடுக்க வேணும். நேரமில்லை.”

மாமி போனைக் கீழே வைத்தார். தோட்டாவை உள்ளே வைத்து நிலத்தில் அடித்துக் குண்டைக் கழற்றும் சுத்தியல் மாதிரி ஒரு சாமானோடு மாமா பின்வளவுக்குப் போனார். போகுமுன், சரிபார்ப்பதற்கென்று தராசோடு வந்த படிக்கல்லை அதில் வைத்துப் பார்த்ததை நான் கண்டேன். இம்மியும் பிசகாமல் சரியாகக் காட்டியது. மாமா பெருமூச்சு விட்டுவிட்டுக் கல்லைப் பெட்டிக்குள் போட்டார்.

இவ்வளவு பெரிய மனிதர் பச்சைப்பொய் சொல்வதா? சீமெந்தில் டொக் டொக்கென்று அடி விழத் தொடங்கியதும் குசினிக்குள் ஓடினேன்.

“மாமி, தராசு சரி! மாமா பொய் சொல்லுறார்!”

மாமி மீனைப் புரட்டிப் போட்டார். “தெரியும். கலியாணம் முடிஞ்ச அடுத்த கிழமையே நகைக்கடையிலை குடுத்து நிறுத்துப் பாத்திட்டன். ஒன்பதரைதான். பதினைஞ்சு வருசமா மனுசன் என்ன சொல்லுவாரெண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அக்கான்ரை மானத்துக்கு வேட்டையையே விட்டிட்டார், பார்.”

“அப்ப அடிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோவன்!”

“சும்மா இரு பிள்ளை. நாலுதான் முடிஞ்சிருக்கு. நாற்பதும் முடியட்டும்.”

நாற்பதும் முடிந்து மாமா சாப்பிட வந்து குந்தினார். மாமி அவருடைய கோப்பையில் நடுத்துண்டு மீனாகப் பார்த்து இரண்டு வைத்தார். பிறகு இன்னும் ஒன்று வைத்தார். உண்மையைச் சொன்ன எனக்கு வால்துண்டுதான் விழுந்தது. அது என்ன நியாயம் என்று அன்று எனக்கு விளங்கவேயில்லை.