பதினாறாம் நாளும் ஒரு ரெசிஸ்டரும்

என் மகள் பிறந்து இரண்டு வாரத்துக்கு மேலாகியும் நான் அவளைப் பார்க்கவில்லை. மனைவியின் தாய்வீடு பழையசீவரம். நான் வேலை பார்த்த பட்டறை வாலாஜாபாத்தில். பஸ்ஸில் போனால் இருபது நிமிஷம்தான். ஆனால் பதினாறாம் நாள் தீட்டுக் கழித்து, தொட்டில் கட்டி, காதில் பெயர் சொல்லும்போதுதான் அப்பன் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். பெயரை முதலில் சொல்வதும் அப்பன்தான். அதுவரை அதை யாரிடமும் வாய்விடக் கூடாது. பெயரை மனதுக்குள் வைத்துக்கொண்டு, செங்கல்பட்டு பஸ் பட்டறையைத் தாண்டும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்ப நான் ஏறியது வேறு திசையில் போகும் உத்திரமேரூர் பஸ்.

பட்டறையில் அரிசி மில்களுக்குப் பெல்ட் ஓடும் பெரிய இரும்புச் சக்கரங்கள், அதாவது புல்லிகள், கடைவோம். மெட்ராஸில் ஒரு கம்பெனி கழித்துவிட்ட லேத்தை முதலாளி வாங்கிப் போட்டிருந்தார். டி.சி. மோட்டார், பக்கத்தில் அதை இயக்க பீரோ மாதிரி ஒரு டிரைவ் பெட்டி. அதில் பிரேக் ரெசிஸ்டர் மட்டும் இல்லை. சுவிட்சை அணைத்தாலும் புல்லி தானாகச் சுற்றி ஓய இரண்டு நிமிஷமாகும். அறுவடை நேரம், மில்காரர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

“டிப்ளமா படிச்சவன் நீதான கீற? அது சட்டுனு நிக்கறதுக்கு வழி பண்ணு. நின்னுச்சின்னா வெள்ளிக்கெயம ஒனக்கு லீவு” என்றார் முதலாளி. வெள்ளிக்கிழமைதான் பதினாறாம் நாள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்ததெல்லாம் இந்த ஒரு லீவுக்காகத்தான் என்பதுபோல் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். மின்சாரத்தை நிறுத்தியபிறகும் சுழல்கிற மோட்டார், தானே மின்சாரம் உண்டாக்கும். ரெசிஸ்டர் அதை வாங்கிச் சூடாக மாற்றிவிட்டால் சுழற்சி அடங்கும். ரெசிஸ்டரின் தடையை ஓம் கணக்கில் அளப்பார்கள்; ஓம் குறையக் குறைய வேகமாக நிற்கும். ரொம்பக் குறைத்தால் மோட்டாரில் பொறி பறக்கும். பத்து ஓம் என்று முடிவு செய்தேன். அடுத்தது வாட். எவ்வளவு சூட்டை அது தாங்க வேண்டும் என்பது, எத்தனை முறை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. லேத் ஓட்டும் டர்னரிடம் கேட்டேன்.

“அண்ணே, ஒரு மணி நேரத்துல எத்தினி தபா நிறுத்துவீங்க?”

“இன்னாபா, எண்ணிக்கினா நிறுத்தறாங்க? அஞ்சு. மிஞ்சிப்போனா ஆறு.”

ஆறு என்று எழுதிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ரெசிஸ்டர் லாரி பார்சலில் வந்தது. மாட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினேன். எட்டு விநாடியில் புல்லி நின்றது. “என் பொண்டாட்டி திட்ட ஆரம்பிச்சா நிக்கவே மாட்டேங்கறா. அவளுக்கும் ஒண்ணு மாட்டி வுடேன்பா” என்றார் டர்னர். பட்டறையே சிரித்தது. எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. குழந்தை யார் சாயல் என்று மனைவியிடம் கேட்டனுப்பியிருந்தேன். வந்து பார் என்றுதான் பதில் வந்தது.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கருகல் நாற்றம். டிரைவ் பெட்டியைத் திறந்தேன். ரெசிஸ்டரின் பீங்கான் குழாய் வெடித்து, மேலே சுற்றிய கம்பி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

டர்னரிடம் மறுபடி கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“அஞ்சு தபான்னு சொன்னது இது வர்றதுக்கு மின்னாடிபா. ரெண்டு நிமிஷம் எவன் காத்துக்கினு இருப்பான்? குத்துமதிப்பா ஓட்டிடுவேன். இப்ப பட்டனைத் தொட்டா நிக்குது. வெரல வச்சிப் பாக்கலாம், அளவு வச்சிப் பாக்கலாம்னு ஆசையா கீதுல்ல? ஒரு மணி நேரத்துல முப்பது தபாகூட நிறுத்தியிருப்பேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. நிற்காத லேத்தின் கணக்கைக் கேட்டு, நிற்கிற லேத்துக்கு ரெசிஸ்டர் வாங்கியிருக்கிறேன் நான்.

“என் கணக்குதாங்க தப்பு” என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கடையாமல் கிடந்த புல்லிகளைப் பார்த்தார்.

டர்னர்தான் என்னைத் தனியாக இழுத்தார். “நீ போய் கொயந்தைய பாருபா. ரெண்டு நாளைக்கி மரக்கட்டைய வச்சி அழுத்தி நிறுத்திக்கிறேன். மின்ன செஞ்சதுதான.” மின்னே செய்ததில்தான் அவர் இடது சுண்டுவிரலில் பாதி போயிருந்தது. சட்டென்று நிற்பதற்குப் பழகிவிட்ட மனுஷன் இனி இரண்டு நிமிஷம் காத்திருக்க மாட்டார் என்று தெரிந்தது. புது ரெசிஸ்டர் பார்சலில் வர நாளாகும்; வேறு யாரை அனுப்பினாலும் சரியானதைப் பார்த்து எடுத்துவரத் தெரியாது. நானே மெட்ராஸ் போகிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் பெயரை ஒரு சீட்டில் எழுதி மடித்துச் செங்கல்பட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். பழையசீவரம் ஸ்டாப் டீக்கடையில் என் மச்சான் இருப்பான், அவனிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு நல்ல நேரம். அப்போது நான் மெட்ராஸில் ஒரு கடையில் மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே பத்து ஓம், ஆறு மடங்கு வாட். “இது கிரேனுக்குப் போறது சார்” என்றார் கடைக்காரர். பரவாயில்லை என்றேன். திரும்பும்போது பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். குழந்தை இதைவிடக் கனமா, லேசா என்று பக்கத்தில் இருந்த அம்மாவைக் கேட்கலாம் போலிருந்தது. கேட்கவில்லை.

சனிக்கிழமை மாட்டினேன். டர்னர் ஆசைதீர நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். ரெசிஸ்டர் சூடானது, சிவக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பழையசீவரம் போனேன்.

மனைவிதான் சொன்னாள். மச்சானுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது. அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. “நீயே படிச்சி சொல்லுபா” என்று அவன் சீட்டை நீட்ட, இன்ஜின் சத்தத்துக்கு மேலே கண்டக்டர் உரக்கப் படித்திருக்கிறார். நல்ல பேரு என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பூக்காரம்மா சொன்னாளாம். மறந்துபோகாமல் இருக்க அதைச் சொல்லிக்கொண்டே மச்சான் வீடுவரை ஓடிவந்தானாம். மறுநாள் எனக்குப் பதிலாகக் குழந்தையின் காதில் சொன்னதும் அவன்தானாம்.

“ஒனக்கு மின்னாடி பஸ்ஸே பேர் வச்சிடுச்சி” என்று சிரித்தாள். பிறகு, “பத்தர தாண்டியும் வாசலையே பாத்துக்கினு இருந்தேன்” என்றாள்.

குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். காதருகே குனிந்து பெயரைச் சொன்னேன். தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போது மூன்று வயதாகிறது, கூப்பிட்டால் ஓடிவருகிறாள். ஆனாலும் அந்தப் பெயர் முதன்முதலாக என் குரலில் கேட்டிருந்தால் எப்படி விழித்திருப்பாள் என்று பார்க்க, இன்னும் ஏங்குகிறேன்.