ப்ரீதரை அடைத்த தாவணி

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் காரின் புகையைத்தான் பார்த்தார்கள். எழுபதுகளின் கடைசி அது. அப்பா திருவண்ணாமலையில் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டாரைக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வர விடமாட்டேன், நானே போய் அழைத்து வருவேன் என்று ஒரே பிடிவாதம். எனக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போய்விடக் கூடாதே என்ற பயம் அவருக்கு.

வண்டியில் ஒரு கோளாறு இருந்தது. எஞ்சினின் வயிற்றில் சேரும் ஆயில் புகையை ஒரு ரப்பர் குழாய் மறுபடி எஞ்சினுக்கே கொண்டுபோய் எரித்துவிடும். ப்ரீதர் என்பார்கள். அந்தக் குழாய் வெடித்துப்போய், நாற்றம் பின் சீட்டு வரைக்கும் வந்தது. சம்பந்தியம்மாவுக்குக் குமட்டினால் என்ன ஆவது? முதல் நாள் சாயங்காலம் அப்பா குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, என் பழைய தாவணியைக் கிழித்து, குழாய் இருந்த ஓட்டையில் இறுக்கி அடைத்தார். பிறகு பானட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். நாற்றம் நின்றது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் வண்டி தெருவுக்குள் நுழைந்தபோது வண்டியே தெரியவில்லை. அவ்வளவு புகை. மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமியபடி இறங்கினார். எதிர்வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "இன்னாங்க, இந்த வருஷம் தீப மை உங்க வீட்லயே குடுக்கறீங்களா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். மலைமேல் எரியும் கார்த்திகை தீபத்தின் கரியை மையாகக் கொடுப்பது எங்கள் ஊர்க் கோயில் வழக்கம். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற எனக்கு மானம் போய்விட்டது.

மாப்பிள்ளை அரசு பஸ் டிப்போவில் வேலை பார்ப்பவர். வீட்டுக்குள்ளேகூட வராமல் சட்டைக் கையை மடித்துவிட்டு பானட்டைத் திறந்தார். உள்ளே கையை விட்டு என் தாவணித் துண்டை வெளியே இழுத்தார். ஊதா நிறம், ஆயில் சொட்டச் சொட்ட.

"யாருங்க இத அடைச்சது? உள்ள இருக்கற காத்து போக வழியில்லாம ஆயில வெளிய தள்ளிடுச்சி. அது சைலன்சர் மேல விழுந்துதான் பொகையுது."

தெருவே அப்பாவைப் பார்த்தது. இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனுஷன். அவர் சிரித்தார். "எம் பொண்ணு வேலைங்க. தெரியாம அடைச்சிட்டா."

பாவி மனுஷா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். காபித் தட்டோடு நான் வந்து நின்றபோது எல்லோரும் என் கைகளைத்தான் பார்த்தார்கள். தட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஆனாலும் அவர்கள் சம்மதித்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை வந்து புதுக் குழாய் மாட்டி, ஆயில் மூடியின் சல்லடையைப் பெட்ரோலில் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அந்தக் கார் புகைந்ததே இல்லை. நான்தான் புகைந்தேன்.

மாமியார் ஒரு வருஷம் என்னை ஸ்டவ் பக்கம் விடவில்லை. "அதையும் அடைச்சி வெச்சிடப் போறா" என்பார். ரோட்டில் எந்த லாரி புகை விட்டாலும் என் வீட்டுக்காரர், "போய்ப் பாரு, உன் தாவணி இருக்கும்" என்பார். விருந்துக்கு அப்பா வந்து உட்கார்ந்திருக்கும்போது இன்னும் ஜாஸ்தி. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும். அவர் மரியாதை போகக் கூடாதென்று நான் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட.

எண்பதுகளின் நடுவில் வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிபோயிருந்தோம். ஒரு பொங்கலுக்கு அப்பா வந்திருந்தார். சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் அந்தக் கதையை எங்கள் மகளுக்குச் சொன்னார். அவள் என்னைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டார்.

"அது நாந்தான் மாப்ள. அவ இல்ல."

என் வீட்டுக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "தெரியும் மாமா. அன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சிபோச்சி. நீங்களா எப்ப சொல்றீங்கன்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

அப்பா எழுந்து கை கழுவப் போனார். அவரை நினைத்து அழுவதா, இந்த மனுஷனைத் திட்டுவதா என்று தெரியாமல் நின்றேன். இத்தனை வருஷமும் அவர் அப்பாவைத்தான் குத்தியிருக்கிறார், என் பெயரை வைத்து.

"அப்போ இப்பவே போயி உங்கம்மாகிட்ட சொல்லுங்க, நான் அடைக்கலன்னு."

"அத வுடு. இப்போ எதுக்கு அதெல்லாம்?"

குழாயடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "வுடும்மா. மாப்ளதான் சொல்றாரில்ல."