தண்ணீருக்குள் பொய் சொல்லக் கூடாது

எங்கள் புதுக்கோட்டையில் எதையும் அவசரமாகக் கற்றுக்கொடுப்பார்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும். முப்பது நாளில் ஆங்கிலம், ஒரே மாதத்தில் அரசு வேலைக்குப் பயிற்சி, பத்தே நாளில் கார் டிரைவிங் என்று சுவர் முழுக்கப் போஸ்டர். அதனால் மூன்றே நாளில் கடலுக்கடியில் மூச்சுவிடக் கற்றுத் தந்து சர்டிபிகேட்டும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ஐம்பதை நெருங்கும் ஒரு பிசிக்ஸ் டீச்சருக்கு அது எதற்கு என்றுதான் புரியவில்லை.

அதை என் மகளிடம்தான் கேட்க வேண்டும். சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்த்த அவளுக்குக் கனடாவில் வேலை கிடைத்திருந்தது.

"நான் போயிட்டா நீ ஒத்தையில இருந்துக்குவியாம்மா?"

"எனக்கென்னடி? நல்லாத்தான இருக்கேன். நீ போயிட்டு வா" என்றேன், தோசையைத் திருப்பிக்கொண்டே.

அவள் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் அவள் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, வாயு" என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் கேட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும், பார்க்க வந்தவர்களிடம் "நல்லா இருக்கேன், காப்பி சாப்டீங்களா?" என்று உபசாரம் செய்துகொண்டிருந்தார். மறுநாள் அவர் இல்லை. அன்றிலிருந்து 'ஒண்ணுமில்ல' என்று யார் சொன்னாலும் என் மகளுக்குக் கோபம் தலைக்கேறும். எனக்கோ அதைவிட்டால் வேறு பதிலே வராது.

கிளம்புவதற்கு முன் அம்மாவோடு ஒரு காரியமாவது சேர்ந்து செய்ய வேண்டும் என்று, என்னைக் கேட்காமலே இரண்டு பேருக்கும் பணம் கட்டிவிட்டு வந்தாள். கோயில் இருக்கிறது, கொடைக்கானல் இருக்கிறது, இது ஏன் என்றேன். "அங்கெல்லாம் போனா நீ பேசிக்கிட்டே இருப்ப. உருப்படியா ஒண்ணும் சொல்ல மாட்ட" என்றாள்.

லீவு கேட்டபோது பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையே சிரித்தது. "மீனுக்கே சர்டிபிகேட் கெடையாதே டீச்சர்" என்றார் தமிழ் ஐயா.

பாடம் முழுவதும் போனிலேயே. வீடியோ பார்த்துவிட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும், ஆகவே மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் விளக்கினாள். பதினோராம் வகுப்புக்கு இருபது வருடமாக நான் கரும்பலகையில் எழுதிப்போடும் விதி. எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் போட்டு, மகளை விட அதிக மார்க் வாங்கினேன். அதை அவளிடம் இரண்டு தடவை சொன்னேன்.

முதல் நாள் பயிற்சி ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியின் நீச்சல் குளத்தில். பயிற்சியாளர் கோட்டைப்பட்டினத்துக்காரர், மாலத்தீவில் டூரிஸ்டுகளை முங்க வைத்துப் பழகியவர். நம் மாவட்டத்திலேயே கடல் இருக்கும்போது எதற்காக நாளைக்குப் பாண்டிச்சேரி வரை போக வேண்டும் என்று கேட்டேன்.

"இங்கிட்டு எல்லாம் கலங்கல் தண்ணி டீச்சர். முங்குனா நம்ம கையே நமக்குத் தெரியாது" என்றார்.

அந்த ரப்பர் உடுப்பைப் போடுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பழைய உறைக்குள் புதுத் தலையணையைத் திணிப்பதுபோல மகளும் நானும் மல்லுக்கட்டினோம். முதுகில் சிலிண்டர், வாயில் ரெகுலேட்டர். இரண்டுமே என் சமையலறையில் இருப்பவைதான் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

தண்ணீருக்குள் பேச்சு கிடையாது, சைகைதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேர்ந்தால் ஓகே. தூரத்தில் இருந்தால் இரண்டு கையையும் தலைக்கு மேல் பெரிய வட்டமாகச் சேர்க்க வேண்டும். பிரச்சினை என்றால் உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். பிறகு எதில் பிரச்சினையோ அதை விரலால் காட்ட வேண்டும். ஓகேயா என்று ஒருவர் கேட்டால் மற்றவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். வாட்ஸ்அப்பில் என் 'சாப்பிட்டியா'வுக்கு இரண்டு நீல டிக்கை மட்டும் போட்டுவிட்டுப் போகும் மகள், இனி தப்ப முடியாது என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன்.

குளத்தின் அடியில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தது. மூக்கெல்லாம் எரிச்சல். பயத்தில் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இருபது வருடத்து விதி எங்கே போனதோ தெரியவில்லை. பயிற்சியாளர் எதிரே வந்து ஓகேயா என்று கேட்டார். ஓகே என்று காட்டினேன். மறுபடி கேட்டார். மறுபடி காட்டினேன். அவர் என் தோளைப் பிடித்து மேலே கொண்டுவந்தார்.

"மூக்குல தண்ணி ஏறிருச்சா டீச்சர்?"

"லேசா."

"மூச்ச அடக்குனீங்களா?"

"கொஞ்சமா."

"பெறகு எதுக்கு ஓகே காட்டுனீங்க?"

"நீங்க கேட்டீங்களே" என்றேன் இருமிக்கொண்டே.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நம்ம ஆளுக எல்லாத்துக்கும் இதே வியாதிங்க. வெள்ளக்காரன் காது லேசா வலிச்சாலே கைய ஆட்டிருவான். நம்மாளு முழுகிக்கிட்டே ஓகே காட்டுவான். இன்னொரு தடவ பொய் சொன்னீங்கன்னா கடலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டாள். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை.

மூன்றாம் நாள், பாண்டிச்சேரிக் கடலில் கடைசி முங்கு. என் மகள்தான் எனக்கு ஜோடி. மூன்று மாடி ஆழத்துக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இறங்கினோம். ஒரு பாறையைச் சுற்றி மஞ்சள் மீன்கள் கூட்டமாக நின்றன. எனக்கே நம்ப முடியவில்லை, அவ்வளவு அழகு. காதில் வலி இல்லை, மாஸ்க்கில் தண்ணீர் இல்லை, சிலிண்டரில் காற்று தாராளம். அவள் திரும்பி விரல்களைச் சேர்த்து ஓகேயா என்று கேட்டாள்.

விதிப்படி ஓகேதான். என் விரல்களும் பாதி சேர்ந்துவிட்டன. அப்போதுதான் அவள் கண்களைப் பார்த்தேன். அவள் அப்பாவின் கண்கள், கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்சம் பெரிதாக. அடுத்த மாதம் இந்நேரம் இவள் இருக்க மாட்டாள். ஸ்கூல் விட்டு வந்து பூட்டைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது. குளத்தில் பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

உள்ளங்கையை விரித்து ஆட்டினேன்.

அவள் பதறிப்போய் காற்றின் அளவு காட்டும் என் கேஜைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். எங்கே என்று கேட்டாள். விரலை நீட்டி அவளையே காட்டினேன்.

இதைப் பார்த்த பயிற்சியாளர் பாய்ந்து வந்தார். என் மகளைத் திருப்பிப் போட்டு சிலிண்டரைத் தட்டினார், குழாய்களை இழுத்துப் பார்த்தார், பெல்ட்டைச் சரிபார்த்தார். எதிலும் குறை இல்லை என்று என்னைப் பார்த்துக் கையை விரித்தார். அவள் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மாஸ்க்குக்குள் தண்ணீர் கட்டியிருப்பதை மட்டும் கண்டுபிடித்து, அதை வெளியேற்றும்படி சைகை காட்டினார்.

படகில் ஏறியதும், "பாப்பாகிட்ட என்னங்க பிரச்சினை?" என்றார்.

'ஒண்ணுமில்ல' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். "வீட்டுப் பிரச்சினைங்க" என்றேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்ஜின் பக்கம் போய்விட்டார்.

"என்னயப் போகாதங்கிறியாம்மா?" என்றாள் மகள்.

"போ. கண்டிப்பாப் போகணும். ஆனா நல்லா இருக்கேன்னு மட்டும் இனிமே ஒங்கிட்ட சொல்ல மாட்டேன்."

ஈரத் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். கரை வரும்வரை எடுக்கவில்லை.

வேன் புதுக்கோட்டைக்கு வருவதற்குள் சர்டிபிகேட் போனுக்கு வந்துவிட்டது. உலகத்தில் எந்தக் கடலிலும் பதினெட்டு மீட்டர் வரை நான் இறங்கலாம். பக்கத்து வீட்டு அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தங்கள் கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

அடுத்த மாதம் திருச்சி ஏர்போர்ட். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய், தள்ளுவண்டியோடு வரிசையில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். விரல்களைச் சேர்த்துக் காட்டினாள். ஓகேயா?

படகில் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. ஆனால் நான் கையை ஆட்டினால் அவள் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள் என்று தெரியும். பட்டுப் புடவையோடு அத்தனை பேர் நடுவில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பெரிய வட்டமாகச் சேர்த்தேன். தூரத்தில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் காட்ட வேண்டும்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் அசைத்தாள். விரலை நீட்டி என்னைக் காட்டினாள்.

பின்னால் நின்றவர் ஏதோ சொன்னார். அவள் திரும்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தலைக்கு மேல் சேர்த்த கையை இறக்காமல் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.